காலுக்கா, கழுத்துக்கா?

எங்கள் ஆபீஸில் டீ வரும் நேரம் பதினொன்று பத்து. டீ பதினொன்று இருபதுக்குள் தீர்ந்துவிடும். அரட்டை மட்டும் பன்னிரண்டு வரை ஓடும். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற இடம் என்பதால் அரட்டைக்கான விஷயம் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

போன வாரத் தலைப்பு, 'உலகத்திலேயே படு ஸ்டைலான பெண்மணி யார்?' டிசைன் செக்ஷன் தம்பி ஒரு நடிகையைச் சொன்னார். டெஸ்பாட்ச் அண்ணாச்சி அதற்கு இரண்டு தலைமுறை முந்தைய நடிகையைச் சொன்னார். கேஷியர், "என் வீட்டம்மா" என்றார். (அவர் வீட்டம்மா இதே கட்டடத்தில் பைண்டிங்கில் வேலை பார்க்கிறார். மனிதர் பிழைக்கத் தெரிந்தவர்.)

நான், "பரோடா மகாராணி சீதாதேவி" என்றேன்.

"எந்த சீரியல் சார்?" என்றார் தம்பி.

அன்றைக்கு அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் எங்கள் அத்தை ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறாள். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

சீதாதேவி பிறந்தது நம்ம மெட்ராஸில், 1917-ல். அப்பா, ஆந்திரப் பக்கத்து பித்தாபுரம் மகாராஜா. ஒரு மாபெரும் தெலுங்கு அகராதிக்குப் பணத்தை வாரிக் கொடுத்தவர். அப்பா வார்த்தைகளைச் சேர்த்தார். மகள் வைரங்களைச் சேர்த்தார்.

சின்ன வயதிலேயே வுய்யூர் ஜமீன்தாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1943-ல் மெட்ராஸ் குதிரைப் பந்தயத்துக்கு வந்தவர் கண்ணில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட் பட்டார். நாமெல்லாம் ரேஸுக்குப் போனால் பர்ஸைத்தான் தொலைப்போம். மகாராஜா மனசைத் தொலைத்தார்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கு ஏற்கெனவே புருஷன் இருக்கிறார். ஐயாவுக்கோ மனைவியும் எட்டுப் பிள்ளைகளும். போதாததற்குப் பரோடாவில் இரண்டாம் கல்யாணத்துக்குத் தடைச் சட்டம் வேறு. அதைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, மகாராஜாவின் சொந்தத் தாத்தா.

வக்கீல்கள் வழி கண்டுபிடித்தார்கள். சீதாதேவி இஸ்லாத்துக்கு மாறினார். அந்தக் காரணத்தால் முதல் கல்யாணம் ரத்தானது. பிறகு மறுபடி இந்துவாக மாறி மகாராஜாவைக் கைப்பிடித்தார். தாத்தா போட்ட சட்டம்? "அதெல்லாம் குடிமக்களுக்கு. ஆளுகிறவருக்கு இல்லை" என்றது அரண்மனை. (பஞ்ச் மெஷின் விஷயத்தில் நம் மேனேஜர்கள் சொல்வதும் இதுதான்.) வெள்ளைக்காரன் வேறு வழியில்லாமல் கல்யாணத்தை ஒத்துக்கொண்டான். ஆனால் மகாராணிகளுக்கு உரிய மரியாதைப் பட்டத்தை மட்டும் அவருக்குத் தர மாட்டேன் என்றுவிட்டான்.

அதே 1943-ல்தான் வங்காளத்தில் பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். அரண்மனைக்கும் பஞ்சத்துக்கும் ஒரே காலண்டர்தான். காலண்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் இப்படியெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

*

1946-ல் தம்பதி ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். மகாராணிக்கு மொனாக்கோ பிடித்துப்போனது. நம் ஊர்க் கண்மாய் ஒன்றிரண்டைச் சேர்த்தால் அதைவிடப் பெரிசாக இருக்கும், அவ்வளவு சின்ன நாடு. ஆனால் பணக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கிற இடம். அங்கே ஒரு மாளிகை. பாரிஸிலும் ஜாகை. விருந்து, நடனம், மறுபடி விருந்து. ஐரோப்பிய நாகரிகத்தின் நடுவே சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்கள்தான் தங்கள் கவுனைச் சரிசெய்துகொண்டார்கள். விரலில் 30 காரட் நீலக்கல் மோதிரம். 'தொட்டுப் பாருங்கள், அதிர்ஷ்டம் வரும்' என்று விருந்தாளிகளிடம் கையை நீட்டுவாராம்.

பரோடா பொக்கிஷத்தில் கணிசமான பங்கு அவரோடு ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. ஏழு சர முத்துமாலை போனது. முழுக்க முத்துகளைக் கோத்துத் தைத்த கம்பளமே போனது. (நம் வீட்டுப் பாயில் சோற்றுப் பருக்கை சிந்தினாலே பூசை விழும்.) பாரிஸில் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் என்ற நகைக்கடையில் பழைய நகைகளை உடைத்து, புது டிசைனில் செய்யச் சொன்னார். அப்படி 1950-ல் உருவான ஒரு மாலையில் மட்டும் பேரிக்காய் வடிவத்தில் 13 மரகதங்கள்.

இப்போது கால் விஷயத்துக்கு வருகிறேன். சீதாதேவியிடம் மரகதமும் வைரமும் இழைத்த ஒரு ஜோடி காலணி நகை இருந்தது. நம் பாஷையில் கொலுசு. 1953-ல் அதை அமெரிக்க வைர வியாபாரி ஹாரி வின்ஸ்டனிடம் விற்றார். வின்ஸ்டன் அதைப் பிரித்து ஒரு கழுத்து மாலையாக்கினார். அதை வாங்கியவர் விண்ட்சர் சீமாட்டி. 1936-ல் இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் யாருக்காகச் சிம்மாசனத்தைத் தூக்கிப் போட்டாரோ, அதே வாலிஸ் சிம்ப்சன்.

1957-ல் நியூயார்க்கில் ஒரு நடன விருந்து. சீமாட்டி மாலையும் கழுத்துமாக வந்து நிற்கிறார். சுற்றிலும் ஆகா ஓகோ. அந்தக் கூட்டத்தில் நம் மகாராணியும் இருக்கிறார். அவர் நிதானமாகச் சொன்னார், அந்தக் கற்கள் என் காலில் கிடந்தபோதும் அழகாகத்தான் இருந்தன என்று.

அவ்வளவுதான். சீமாட்டி மாலையைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் ஆபீஸில் விசில் பறந்தது. தம்பி, "செம பஞ்ச் சார்" என்றார். கேஷியர் மட்டும் கேஷியருக்கே உரிய கேள்வியைக் கேட்டார். "அதெல்லாம் சரி, பில் யார் கட்டினது?"

*

நல்ல கேள்வி. பில்லைக் கட்டியது பரோடா ஜனங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்குப் பார்க்க டில்லியிலிருந்து ஆடிட்டர்கள் வந்தார்கள். மகாராஜா சமஸ்தானக் கஜானாவிலிருந்து வட்டியில்லாக் கடனாகப் பெரும் பெரும் தொகை எடுத்திருந்தது தெரிந்தது. பொக்கிஷத்தில் இருக்க வேண்டிய நகைகள் பல இருக்கவில்லை. 1949-ல் பரோடா, பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்தது. 1951-ல் இந்திய அரசு பிரதாப் சிங்கின் மகாராஜா பட்டத்தையே பறித்தது. 1956-ல் விவாகரத்து. அதற்கப்புறமும் சீதாதேவி மகாராணியாகவேதான் வலம்வந்தார். வருமானம் போனாலும் விருந்தை நிறுத்த முடியுமா? ஒவ்வொன்றாக விற்றார். 1985-ல் செல்ல மகனை இழந்தார். 1989-ல் பாரிஸில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

நகைகள் மட்டும் சாகவில்லை. ஏழு சர மாலையின் முத்துகளில் கோத்த இரண்டு சர மாலை 2007-ல் நியூயார்க்கில் 71 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. முத்துக் கம்பளம் 2009-ல் கத்தார் நாட்டுத் தோஹாவில் ஏறக்குறைய 55 லட்சம் டாலருக்குப் போனது.

*

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு அச்சங்குளம். அத்தை இருபது வருஷமாகப் பட்டாசு ஃபேக்டரிக்குப் போகிறாள். அங்கேயும் உடுப்புக்குச் சட்டதிட்டம் உண்டு. பருத்திச் சேலைதான் கட்டலாம். நைலான் ஆகாது, உரசினால் பொறி பறக்கும். ஆணி அடித்த செருப்பு ஆகாது. ஃபேஷனை பாரிஸ் தீர்மானிக்கிறது என்பார்கள். எங்கள் ஊரில் தீர்மானிப்பது வெடிமருந்து.

அத்தையிடம் ஒன்றரைப் பவுனில் ஒரு சங்கிலி இருக்கிறது. தீபாவளி முடிந்து ஃபேக்டரி கொஞ்ச நாள் அடைத்துவிடுவார்கள். அப்புறம் அடைமழை. வேலை இல்லை, கூலி இல்லை. சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். வேலை சூடு பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆடி மாசத்துக்குள் திருப்பிவிடுவாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் சங்கிலியோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய விருந்தும் நடனமும். மற்ற மாசங்களில் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். காலில் வெள்ளிக் கொலுசு எப்போதும் கிடக்கும். 'வெள்ளிக்கு எவன் பெருசாக் குடுக்கான்' என்பதால் அது தப்பித்தது.

மகாராணி கதையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கால்லயா போட்டாக? மகாலட்சுமி சும்மா இருப்பாளாய்யா?"

"தங்கம் முக்கியமில்ல அத்தை. கல்லுதான் முக்கியம். மரகதம், வைரம்."

"அதுவும் மகாலட்சுமிக்கு அக்கா தங்கச்சிதான். சரி, அப்புறம் என்ன பண்ணுனாக?"

"வித்துட்டாங்க."

"அடகு வச்சிருக்கலாம்ல?"

"எல்லாமே ஒண்ணொண்ணா வித்தாச்சு அத்தை."

"ஒண்ணக்கூடத் திருப்பலையா?"

"இல்ல."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாவம்யா" என்றாள். எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரைப் பவுன்காரி, ஒரு கஜானாவையே அணிந்தவரைப் பார்த்துப் பாவம் என்கிறாள்.

"நோகாம வந்துச்சு, நோகாமப் போயிருச்சு. அப்புறம் அது எப்படி அவுக நகையாகும்? திருப்பிக்கிட்டு வந்து போடுறோம் பாரு, அன்னைக்குத்தான்யா அது நம்ம நகை."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. 2021 பிப்ரவரி 12. எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அந்த வெள்ளிக்கிழமை. அத்தைக்கு வேறு ஃபேக்டரி, தப்பித்தாள். பிப்ரவரி என்றால் வேலை மும்முரமாக நடக்கிற மாசம். அடகு வைத்ததைத் திருப்ப எல்லோரும் காசு சேர்க்கிற மாசம். போனவர்கள் வீட்டுப் பெட்டிகளில் எத்தனை அடகுச் சீட்டுகள் மடித்து வைத்தபடியே இருந்திருக்கும்? அந்த நகைகளை எந்த நியூயார்க்கிலும் ஏலம் விட மாட்டார்கள். ஏலம் விட்டாலும் பேப்பரில் வராது.

வாணவேடிக்கையை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். அதற்குத் திரி வைத்தவர்களுக்குக் கைவிரல் முழுக்க மருந்து. மொனாக்கோ விருந்து வெளிச்சத்துக்கும் ஏதோ ஒரு பரோடா விவசாயியின் வரிப்பணம்தான் திரி.

மகாராணியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு கால் டயலாக்குக்காகவே என் லிஸ்டில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் முதல் இடம் மாறிவிட்டது.

திங்கட்கிழமை டீ நேரத்தில் டிசைன் தம்பி மறுபடி ஆரம்பித்தார். "சார், யோசிச்சுப் பார்த்தேன். உங்க மகாராணிதான் ஃபர்ஸ்ட்."

"இல்லப்பா, ரெண்டாவது. முதல் இடம் எங்க அத்தைக்கு" என்றேன்.

"எந்த சீரியல் சார்?" என்றார் தம்பி.