ஈரவாடையும் கைரேகையும்

ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் பழைய சிற்றிதழ்களை ஒளிவருடி, வாடகைக்கு எடுத்த தொலைதூர வழங்கி ஒன்றில் சேர்த்துவந்தார். அது மிக மெதுவாக இயங்குகிறது என்று சொன்னதால், திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து அவர் வீட்டிற்குப் போனேன். இருவருமாகத் தேடியதில், முகமறியாத எவரோ அங்கே தம் கொள்கலனை ஓட்டி மறைநாணயம் அகழ்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. பூட்டு எதுவும் உடைபடவில்லை. கதவு திறந்தே கிடந்தது.

ஒரு நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி இயக்கும் டாக்கர் 2013இல் வெளியானது. அதன் சேவை இயல்பில் தன் கணினிக்குள்ளிருந்து வரும் கட்டளைக்கே செவிசாய்க்கும். வீட்டிலிருந்தே அதை ஆள விரும்பிய நண்பர், 2375 என்னும் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருந்தார். அங்கே மறைகுறியாக்கமும் இல்லை, யார் நீ என்ற கேள்வியும் இல்லை. டாக்கருக்குக் கட்டளையிட முடிந்தவர் வழங்கியின் கோப்புகள் அனைத்தையும் தம் கொள்கலனோடு இணைத்துக்கொள்ளலாம்; அந்தக் கணினிக்கே அதிபதியாகலாம். 2019இல் பரவிய கிராபாய்ட் என்ற புழு இத்தகைய கதவுகளைத் தேடியே அலைந்தது.

"பழைய இதழ்களைத் திருட யார் வரப்போகிறார்கள்?" என்றார் நண்பர். அங்கேதான் பிழை. வந்தவருக்கு இதழ்கள் வேண்டாம், கணினியின் உழைப்பே வேண்டும்.

தீர்வு எளிது. 2018இல் வந்த 18.09ஆம் பதிப்பிலிருந்து டாக்கர், எஸ்எஸ்ஹெச் வழியாகவே தொலைவிலுள்ள சேவையோடு பேசும். புதிதாக எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. வேறு வழியே வேண்டுமெனில், டிஎல்எஸ் காப்புடன் 2376 இருக்கிறது. இரு தரப்பும் சான்றிதழ் காட்டியாக வேண்டும்.

இரு தரப்பும் என்பதே என் வாதம். எஸ்எஸ்ஹெச்சில் முதன்முறை நுழைகையில் எதிர்க்கணினி தன் கைரேகையைக் காட்டி, ஏற்கிறாயா என்று கேட்கும். நம்மில் பெரும்பாலோர் படிக்காமலேயே 'ஆம்' என்கிறோம். அது நம்மைத் திறவுகோலால் அறிகிறது. நாம் அதை அறிவதில்லை. நடுவில் வேறொருவர் அமர்ந்திருந்தால்?

இந்த ஊருக்கு இக்கேள்வி புதிதன்று. 1323இல் தில்லிப் படைக்கு அஞ்சி வெளியேறிய உற்சவர் 1371இல் திரும்பியபோது, அவரிடத்தில் இன்னொரு திருமேனி இருந்தது. பழையவர் யாரென எவருக்கும் விளங்கவில்லை. கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனம் கண்ட ஈரவாடையின் நீரைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்றாராம். கோயிலின் மரபுக்கதை இது. ஏழு மதில்களாலும் தீர்க்க முடியாத ஐயத்தை முன்னறிந்த ஓர் அடையாளம் தீர்த்தது.

நண்பர் வழங்கியை அழித்து முதலிலிருந்து அமைத்தார். ஒருமுறை அதிபதி மாறிய கணினியை மீண்டும் நம்புவதற்கில்லை. இதழ்களின் பிரதி வீட்டு வன்தட்டில் இருந்ததால் பிழைத்தன. புதிய வழங்கியின் கைரேகையை, சேவையாளர் தரும் திரையிலேயே பார்த்து நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே 'ஆம்' என்றார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.