கணக்கு யாருக்கு வரும்?

"நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கு வராது." பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் தென்மாவட்டப் பள்ளிக்கூடங்களில் ஓதப்படும் மந்திரம் இது. வாத்தியார் சொல்கிறார், கிளார்க் சொல்கிறார், கடைசியில் பெற்ற தகப்பனே சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். வேதத்தைக் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றவர்களின் வாரிசுகளுக்கு இன்று ஈயம் தேவையில்லை. பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் 'ஃபர்ஸ்ட் குரூப்' என்பதை அடித்து வேறொன்றை எழுதினால் போதும். வருணம் பிரித்தாயிற்று.

மற்ற குரூப் எல்லாம் மட்டமா என்று சண்டைக்கு வராதீர்கள் தோழர்களே. விரும்பி எடுப்பது வேறு, தள்ளிவிடப்படுவது வேறு.

என் அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். 2006இல் என்னைப் பிளஸ் ஒன் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தலைமையாசிரியர் சாதிச் சான்றிதழைப் பார்த்த கையோடு, மார்க் லிஸ்டைத் தொடாமலேயே, "இந்த குரூப்பு உம்மவனுக்குச் சரிப்படாதுய்யா, பாவம், கஷ்டப்படுவான்" என்றார். அதட்டவில்லை, கருணையோடுதான் சொன்னார். இந்தக் கருணைதான் நம்மைக் கொல்கிறது. "சார், கணக்குல எழுவத்தெட்டு எடுத்திருக்காம்லா" என்றார் அப்பா. வாசலைவிட்டு நகரவும் இல்லை. மத்தியானம் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கா கணக்கு வராது? எந்தப் பாத்தியில் தண்ணி எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்வார். இருபத்தஞ்சை ஒட்டி உப்பு இறங்கும். முப்பதுக்குப் போகவிட்டால் கசக்கும். அடர்த்தியும் ஆவியாதலும் அவர் உள்ளங்காலில் இருந்தது. எழுதி வைக்கும் நோட்டு மட்டும் முதலாளி மேசையில் இருந்தது.

இந்தக் கரையில் இது பழைய கதை. கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது 1961இல். வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பியை மூன்று பங்காகக் குவித்து, இரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, மூச்சடக்கியவனுக்கு ஒன்று. அந்த ஒன்றையும் வாங்க வந்த வியாபாரிகளின் பழைய கணக்கில், முத்தின் விலை எடையின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். எடை இரண்டு மடங்கென்றால் விலை நாலு மடங்கு. வர்க்கம் தெரிந்தவன் கரையில், தெரியாதவன் கடலடியில். முங்கியவர்கள் பெரும்பாலும் பரதவர், முஸ்லிம்கள், நம்மவர்கள் அல்ல. ஆனாலும் பாடம் நமக்கும்தான்.

டிசம்பர் 22ஐ தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறார்கள். ராமானுஜன் பிறந்த நாள். மேதைதான், மறுக்கவில்லை. அந்த மேதை எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை பெயில். 1912இல் மதராஸ் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அவர் நோட்டைப் படித்துப் புரிந்துகொள்ள மேலதிகாரி நாராயண ஐயர் இருந்தார். பட்டமே இல்லாதவருக்கு 1913இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. விதியை வளைத்தார்கள், நல்லதே. பெயிலான நம் பையனின் நோட்டைப் புரட்டிப் பார்க்க எந்தத் துறைமுகத்தில் எவன் இருக்கிறான்? நம்மவனுக்குத் துறைமுகத்தில் கிடைத்தது மூட்டை. ஒதுக்கீடு என்றால் மட்டும் 'தகுதி, திறமை' என்று கத்துகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

தகுதியைக் காட்டினால் விடுகிறார்களா? குழுமூர் அனிதா மூட்டை தூக்கிய தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூ கணக்கில் 200க்கு 200. இன்ஜினியரிங் கட் ஆஃப் 199.75. அவள் கேட்டது மருத்துவம். நீட் என்ற இன்னொரு தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள், பிணமாக்கினார்கள். நம் மாவட்டத்திலேயே, 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவனை இறக்கி, கைவிரல்களை வெட்டினார்கள். துரோணன் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினான். இவர்கள் கேட்கவும் இல்லை.

இனி நம் பக்கம் திரும்புகிறேன். கசக்கும்.

நம் மேடையில் பறை இருக்கிறது, கவிதை இருக்கிறது (நானும் வாசிக்கிறவன்தான்), சட்டம் இருக்கிறது. கணக்கு இல்லை. அம்பேத்கரின் சிலைக்குக் கையில் அரசியல் சட்டத்தைக் கொடுத்தோம். 1923இல் அவர் ரூபாயின் சிக்கல் பற்றி எழுதிய புத்தகத்தில் இருக்கும் அட்டவணைகளை நம்மில் எத்தனை பேர் வாசித்தோம்? பிளஸ் டூவில் 35 எடுத்துப் பாஸானதற்கு ஃபிளக்ஸ் கட்டுகிறோம். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து இன்னொரு 100. இதை எந்தத் தெருமுனைக் கூட்டத்தில் சொன்னோம்?

நாலு வருஷமாக எங்கள் தெருவில் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறேன். பேங்கில் வட்டி போட்டுவிட்டு வந்து தொகையிடல். பார்த்ததைச் சொல்கிறேன்: தொகையிடலில் தடுக்கி விழுகிறவன் உண்மையில் தடுக்குவது எட்டாம் வகுப்பில் விட்டுப்போன காரணிப்படுத்தலில். அதை மூன்று வாரம் உட்கார்ந்து சரிக்கட்டினால் வகையிடல் தானாக வருகிறது. வராது என்றவன் மூஞ்சியில் வருகிறது. வினா வங்கியை உருப்போட்டு வருகிறவனோ கேள்வியை ஒரு இம்மி திருப்பிக் கேட்டால் பேனாவை மூடிவிடுகிறான். இன்னொன்று, பரீட்சை மார்ச்சில். அளத்தில் வேலை சூடு பிடிப்பதும் அப்போதுதான். பிள்ளையை வீட்டில் நிறுத்தும் தாய்மாரிடம் பேச மாணவர் அமைப்புக்காரர்கள் வர வேண்டும். துண்டறிக்கையோடு அல்ல, நோட்டோடு.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குக் காத்திருக்கும் தோழர்கள் வாரத்தில் இரண்டு சாயங்காலம் தர வேண்டும். மே மாதம் பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் நாட்களில் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் நம் ஆட்கள் இரண்டு பேர் நிற்க வேண்டும். "உம் பையனுக்கு அந்த குரூப் கிடையாது" என்று சொன்னால் கத்த வேண்டாம். ஏன் கிடையாது என்பதைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.