பேர் சொன்னால் போதுமா?



'ஆர்' மொழியை நாம் அறிவோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது. 1995 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நம் மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு பேட்ச் கான்கிரீட் கியூப் சோதனை முடிவுகளா? 'அசைன்' கட்டளையால் கியூப்1 முதல் கியூப்12 வரை தனித்தனிப் பெயர்களை உண்டாக்குவது, பிறகு 'கெட்' கட்டளையால் பேர் சொல்லி ஒவ்வொன்றாக எடுப்பது. "வேலை நடக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். இந்த வழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

'கெட்' என்பது ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் இருக்கும் அதிசுறுசுறுப்பான உதவியாளர் மாதிரி. கேட்டது நம் அலமாரியில் இல்லையென்றால் உடனே "இல்லை" என்று சொல்ல மாட்டார். அடுத்த அலமாரி, அதற்கடுத்தது என்று துழாவி, அதே பேர் ஒட்டியிருப்பதைக் கொண்டுவந்து நீட்டுவார். எங்குமே கிடைக்காவிட்டால்தான் கையை விரிப்பார்.

இதில்தான் ஆபத்து. 'ஆர்'-ஐ மூடும்போது ஒர்க்ஸ்பேஸைச் சேமிக்கச் சொல்லியிருந்தால், அதே ஃபோல்டரில் மறுபடி திறக்கும்போது பழைய பொருள்கள் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். இன்றைய 9-ஆம் பேட்ச் ஃபைல் விடுபட்டுப் போனாலும், போன வாரத்து கியூப்9 கைக்கு வரும். பிழைச் செய்தி இல்லை. சராசரியும் அழகாக வரும்! எம்20 கான்கிரீட் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பழைய நல்ல பேட்சின் எண், இன்றைய சோதா பேட்சை பாஸ் போட்டுவிட்டால்? அந்த எண்ணை நம்பித்தானே மேலே தளம் போடுகிறார்கள்!

வழி சுலபம். புரோகிராமின் முதல் வரியிலேயே காலியான ஒரு 'லிஸ்ட்' தொடங்குங்கள். பன்னிரண்டையும் அதற்குள் பெயரிட்டு வையுங்கள். இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரைக் கொடுத்தால் அந்த லிஸ்டுக்குள் மட்டுமே தேடும். இல்லையென்றால் 'நல்' வரும். அதற்குச் சராசரி கேட்டால் எண் வராது, எச்சரிக்கைதான் வரும். 'எஸ்அப்ளை' போட்டால் பன்னிரண்டு சராசரியும் ஒரே வரியில் முடியும். டாலர் குறி மட்டும் வேண்டாம். கியூப்1 இல்லாமல் கியூப்12 மட்டும் இருந்தால், அரைப் பேரை வைத்து அதையே எடுத்துத் தந்துவிடும்.

'கெட்' கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் டிப்ளமோ முடித்து நாளை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாம். இல்லாததை இல்லை என்று சொல்லும் புரோகிராம்தான் நமக்கு உற்ற நண்பன். சிந்திப்போமா?