மனிதர்கள்: விருப்பமிருந்தால், கட்டணம் தனி

விடுமுறைக்குப் பிள்ளைகளை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போவது நம் வசதியான குடும்பங்களில் மெல்ல ஒரு சடங்காகிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் முடிந்தது, துபாய் முடிந்தது, அடுத்தது மசாய் மாரா. ஏன் என்று கேட்டால், "பிள்ளைங்க இயற்கையைப் பாக்கணும்ல" என்கிறார்கள். எனக்குச் சண்டை பயணத்தோடு இல்லை. இந்த வாக்கியத்தோடுதான்.

என் அக்கா குடும்பத்துக்குக் கென்யாப் பயணத் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அக்கா, மாமா, எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு வாண்டுகள். வீட்டில் எந்நேரமும் லேப்டாப்போடு இருப்பவன் நான்தான் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஏஜென்ட்டுகள் அனுப்பிய திட்டங்களை எல்லாம் படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. முதல் நாள் நைரோபி, அடுத்த நாள் மாரா, காலையில் ஜீப், மாலையில் ஜீப், நடுவில் பஃபே. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: மசாய் கிராமம், விருப்பமிருந்தால், கட்டணம் தனி. பலூன் சவாரிக்கும் இதே வாசகம்தான். அந்த நாலு பக்கத்தில் மனிதர்கள் தலைகாட்டுகிற ஒரே இடம் இது.

சின்னவன் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். 'பிக் ஃபைவ்'. பார்த்ததும் டிக் அடிக்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கி ஏன் இதில் இல்லை என்று அவனுக்குக் குழப்பம். நியாயமான குழப்பம். இது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்துபோய்ச் சுடுவதற்கு எந்த ஐந்து விலங்குகள் ஆபத்தானவையோ, அவைதான் இந்த ஐந்தும். துப்பாக்கி போய் செல்போன் வந்துவிட்டது, பட்டியல் அப்படியே இருக்கிறது.

குடும்ப சஃபாரி என்பதும் புதிதில்லை. அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மொம்பாசாவில் வந்து இறங்கினார். கூடவே மகன் கெர்மிட், ஹார்வர்ட் படிப்புக்கு லீவு போட்டுவிட்டு. அப்பாவும் பிள்ளையுமாகச் சுட்ட விலங்குகள் 512. அறிவியலுக்காக, மியூசியத்துக்காக என்று அதற்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. நமக்கும்தான் இருக்கிறது, 'பிள்ளைங்க இயற்கையைப் பாக்கணும்'.

அந்த இயற்கை ஆளில்லாமல் கிடப்பது எப்படி? 1904இலும் 1911இலும் ஒப்பந்தம் என்ற பெயரில் பிரிட்டிஷார் மசாய்களை நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து நகர்த்தினார்கள். மசாய்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 1913இல் வழக்கு தள்ளுபடியானது. எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவில், செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்தவர்களை 1959இல் வெளியேற்றி ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பினார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. 2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தில் எல்லைக்கல் நட அரசாங்கம் போலீஸோடு வந்தது. மோதல் வெடித்தது, ஒரு போலீஸ்காரர் செத்தார், மசாய்கள் குண்டுக் காயங்களோடு எல்லை தாண்டிக் கென்யாவுக்குள் ஓடினார்கள். மாடு மேய்த்த நிலத்திலிருந்து மாட்டையும் ஆளையும் விரட்டிவிட்டு, மிச்சமிருப்பதற்குப் பெயர் இயற்கை. பக்கத்தில் முதுமலைக் காட்டிலிருந்து ஜனங்களை வெளியே அனுப்பியபோதும் நமக்கு இது உறைக்கவில்லை, அங்கே போயா உறைக்கப்போகிறது.

'லயன் கிங்' 1994இல் வந்த படம். எங்கள் வீட்டு வாண்டுகளுக்கு 2019இன் தமிழ் டப்பிங் மனப்பாடம். முழுப் படமும் ஆப்பிரிக்காவில்தான் நடக்கிறது, ஒரு மனிதர்கூட கிடையாது. சிம்பா என்றால் சிங்கம், ரஃபிகி என்றால் நண்பன். பெயர்களை மட்டும் சுவாஹிலிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். டீசர்ட்டில் போட 'ஹகுனா மடாடா'வை டிஸ்னி டிரேட்மார்க்கே வாங்கிவைத்திருக்கிறது. சஃபாரியும் சுவாஹிலிதான், பயணம் என்று பொருள், அரபியிலிருந்து போனது. அதே அரபிச் சொல்தான் கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவரைச் 'சபுராளி' என்று சொல்லவைத்தது. நம்மிடம் அந்தச் சொல்லுக்குள் ஒரு மனுஷன் இருக்கிறான்.

எனக்கு அதிகம் எரிச்சல் வந்த இடம் இனிமேல்தான். நைரோபியிலிருந்து மாரா போகும் வேன்கள் லிமுரு பக்கமாகப் போய்ப் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. விளிம்பில் ஒரு காட்சிமுனை, எல்லா வேனும் நிற்கும், செல்ஃபி எடுப்பார்கள். லிமுரு யார் ஊர்? கூகி வா தியாங்கோ பிறந்த ஊர். அங்கே கமிரித்து கிராமத்தில் விவசாயிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து திறந்தவெளி அரங்கம் கட்டி, 1977இல் கிக்குயு மொழியில் நாடகம் போட்டார்கள். அரசு நாடகத்தைத் தடைசெய்தது, அந்த வருஷக் கடைசி நாளில் கூகியைப் பிடித்துப் போனது. கமிட்டி சிறையில் கக்கூஸ் பேப்பரில் அவர் எழுதிய நாவல்தான் நாம் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று படித்தது. அரங்கத்தை 1982இல் இடித்தே தள்ளினார்கள். இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் பேசித் தீர்த்த நண்பர்கள் மாரா போய்வந்தார்கள், அந்த வழியாகவே. லிமுரு எப்படி இருந்தது என்று கேட்டேன். எந்த லிமுரு என்றார்கள்.

மாமாவின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "லட்சக்கணக்குல காசு குடுத்துப் போறோம், அங்கயும் போய் அரசியல் பேசணுமாடா? நாம குடுக்கிற காசுலதான அந்தச் சிங்கம் உயிரோட இருக்கு." பாதி உண்மை. மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200. அந்தப் பணம் இல்லாமல் அங்கே காவலர் கிடையாது. ஆனால் அதே பணம்தான் ஆற்றங்கரையில் வண்டிகளை வரிசைகட்டவும் வைக்கிறது. 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் மாரா ஆற்றங்கரையில் சுற்றுலாக்காரர்கள் வண்டியைவிட்டு இறங்கி, கடக்கவந்த வில்டபீஸ்ட் மாடுகளின் வழியையே மறித்து நின்ற வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்த அத்தனை பேருக்கும் பைசா வசூலாக வேண்டுமே.

அதனால் என் திட்டம் வேறு. ஏப்ரலில் போகட்டும். நம் பள்ளிகளுக்கு முழுப் பரீட்சை முடிந்திருக்கும், அங்கேயும் பிள்ளைகளுக்கு லீவு, கட்டணம் பாதி. மழைக்காலம்தான். மாராவின் மண்ணும் நம் கோவில்பட்டிப் பக்கம்போலக் கரிசல், நனைந்தால் சக்கரத்தை விடாது. சிக்கட்டும். இறங்கித் தள்ளும்போதாவது டிரைவரின் பெயர் தெரியும். தங்குவது பூங்காவுக்கு வெளியே, மசாய் நிலக்காரர்கள் சேர்ந்து குத்தகைக்கு விட்டிருக்கும் நபோய்ஷோ மாதிரி இடத்தில். அங்கே ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. மாட்டை எங்கே மேய்க்கலாம் என்பதில் அங்கேயும் தகராறு இருக்கிறது, சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. குத்தகைப் பணம் நிலக்காரர் கைக்குப் போகிறது, அந்த மட்டும் நல்லது. (மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் உட்காரவைப்பார்கள்.)

பலூனை அடித்துவிட்டேன். காட்சிமுனைக்குப் பதிலாக லிமுருவில் அரை நாள் என்று எழுதி ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். "சார், அங்க பாக்க ஒண்ணுமே இல்லையே" என்று பதில் வந்தது. சந்தை இருக்கும், டீக்கடை இருக்கும், லீவில் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் இருப்பார்கள், அது போதும் என்றேன். அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.