சந்தைக்குப் போகாத ஆடு

ஜவ்வாது மலைமீது காவலூர் என்றோர் ஊர் இருப்பதை நேயர்களில் அநேகர் வானசாஸ்திரத்தின் மூலமாகவே அறிந்திருப்பார்கள். 1968-ஆம் வருஷம் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைக்கொண்டு அங்கே ஆரம்பித்த நிலையம், இன்று வைணு பாப்பு வானாய்வகம் என்று பெயர் பெற்று விளங்குகிறது. 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் சமயத்தில், மறைவதற்குச் சற்று முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கியதை இங்கிருந்த விஞ்ஞானிகளும் கண்டார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது அவ்வாறுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது.

இத்தகைய மலையில் பள்ளி ஆசிரியராக வாழும் நாம், கண்ணெதிரே நின்ற ஆட்டின் முகம் மங்கியதைக் காணத் தவறினோம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அது பெருமை தரும் கதையன்று. ஆயினும் வீட்டில் இரண்டு ஆடு கட்டியிருக்கும் எவருக்கும் அதனால் பயன் உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

நம் வீட்டுக் கொல்லையில் கறுப்பி என்றொரு வெள்ளாடும், அதன் பெண் குட்டியும் இருந்தன. சென்ற ஐப்பசியில் வாரச் சந்தைக்குப் போனபோது, மலிவாகக் கிடைத்ததென்று மூன்றாவதாக ஒரு குட்டியையும் வாங்கி வந்தோம். அதன் மூக்கு சற்றே ஒழுகிக் கொண்டிருந்தது. மழைக்காலந்தானே, சளி பிடித்திருக்கும் என்று நாமே வைத்தியம் பேசி, அன்று மாலையே மற்ற இரண்டோடும் ஒரே கொட்டகையில் அடைத்தோம். நாம் பட்டம் பெற்றது சரித்திரத்தில். அந்தப் படிப்பு இந்த இடத்தில் உதவிக்கு வரவில்லை.

நான்காம் நாள் புதுக்குட்டி இறந்தது. அடுத்த வாரம் கறுப்பி தழையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தாள்.

"வாத்தியாரே! ஆடு அசை போட்டு எத்தனை நாழியாச்சு?" என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. பாட்டி உள்ளே வந்து, ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றாள். சுகமாக இருக்கும் ஆட்டுக்கு அந்த இடம் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது புரண்டு கொடுக்குமாம். கறுப்பிக்கு அது அசைவற்றிருந்தது. காது தொங்கியிருந்தது, மயிர் சிலிர்த்திருந்தது, கண்ணில் பீளை கட்டத் தொடங்கியிருந்தது. இவ்வளவும் நேற்றே தெரிந்திருக்கும் என்றாள் பாட்டி. வெள்ளாடு தன் நோயை இயன்ற மட்டும் மறைத்து வைக்கும் பிராணி. அது படுத்து முனகும் வரையில் காத்திருப்பவன் பாதி நோயைத் தப்பவிட்டவனாகிறான்.

அன்று பிற்பகல் ஆட்டுத் தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். நோய் வந்த வீட்டைத் தரகருக்கு யார்தான் சொல்கிறார்களோ! "ஐயா, நாளைக்குச் சந்தை. இப்போ கொடுத்தால் பாதி விலையாவது தேறும். ரெண்டு நாள் போனால் குழிதான் வெட்டணும்" என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது பிழையாகத் தோன்றவில்லை. நாமும் ஏறக்குறையத் தலையை ஆட்டிவிட்டோம்.

நம் இல்லாள் வாசற்படியில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். "அந்தக் குட்டியை நமக்கு விற்றவரும் இப்படித்தானே யோசித்திருப்பார்? வாங்கிப் போகிறவர்கள் வீட்டிலும் ஒரு கொட்டகை இருக்குமே!" என்றாள். தரகர் வெற்றிலையை மடித்துக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் 105 டிகிரி. உதட்டைப் பிரித்துக் காட்டினார், ஈறெல்லாம் புண். "ஆட்டுக்கொல்லி நோய்" என்றார். 1942-ல் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டிலேதான். 1987-ஆம் வருஷம், விழுப்புரம் பக்கத்து அரசூரில். மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆட்டுக்கு ஆடு, மூச்சினாலும் சளியினாலும் கழிச்சலினாலும் பரவுகிறது. ஆடுகள் நெருங்கி நிற்கும் சந்தையைவிட இதற்குச் சௌகரியமான இடம் வேறில்லை.

இந்த நோயின் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. பின்னால் வந்து சேரும் நுரையீரல் சளிக்கும் புண்ணுக்கும் ஊசி உண்டு. மற்றபடி ஆட்டைப் பிழைக்க வைப்பது பராமரிப்புத்தான் என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பராமரிப்பை எழுதி வைப்பது நேயர்களுக்கு உதவக்கூடும்.

முதலாவது, தனியிடம். நோயுற்றதைக் காற்றோட்டமும் கதகதப்பும் உள்ள வேறோர் இடத்தில் கட்ட வேண்டும். தரை ஈரமாக இருக்கலாகாது. வைக்கோலும் சாக்கும் பரப்பி, நனைந்ததை அவ்வப்போது மாற்ற வேண்டும். சுகமான ஆடுகளைக் கவனித்த பிறகே நோயாளியிடம் போக வேண்டும்; திரும்பியதும் கைகால் கழுவ வேண்டும். இரண்டாவது, தண்ணீர். கழிச்சல் கண்ட ஆடு பெரும்பாலும் நீர் வற்றியே சாகிறது. கொதித்து ஆறிய நீரில் சிறிது உப்பும் வெல்லமும் கரைத்து, சிறுகச் சிறுகப் பகலிலும் இரவிலும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, வாய். உப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியால் புண்ணையும், மூக்கில் அடைத்த சளியையும் துடைத்து, மருத்துவர் தந்த மருந்தைத் தடவ வேண்டும். அதன் பிறகுதான் அகத்திக் கொழுந்தை நீட்டலாம். நீர்க்கக் காய்ச்சிய சாமைக் கஞ்சியும் ஆகும்.

கஞ்சி புகட்டும் விதத்தில்தான் நாம் இரண்டாம் தவறைச் செய்தோம். கறுப்பியின் குட்டிக்கும் நோய் கண்டுவிட்டது. சீக்கிரம் தெம்பு வரட்டும் என்ற ஆசையினால் அதன் தலையை அண்ணாந்து பிடித்து, மூங்கில் குழாயால் கஞ்சியை வார்த்தோம். குட்டி இருமிற்று. நாம் நிறுத்தவில்லை. கஞ்சி மூச்சுக் குழலுக்குள் போய்விட்டது. மறுநாள் இரவு குட்டி இறந்துவிட்டது. மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகாமல் தலையைப் பிடித்து, கடைவாய் ஓரமாக ஒரு மடக்கு விட்டு, அது விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த மடக்கு விட வேண்டும். இருமினால் உடனே தலையைத் தாழ விட வேண்டும். இதை ஒரு குட்டியை விலையாகக் கொடுத்துக் கற்றோம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தபோது, வீட்டில் யாரும் பேசவில்லை.

கறுப்பிக்கு அதன் பிறகு நாமும் இல்லாளும் முறை வைத்து விழித்தோம். ஒன்பதாம் நாள் இரவு, வானாய்வகத்தின் குவிமாடம் நிலவில் வெளுத்திருந்த நேரம், கொட்டகையிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம். கறுப்பி கண்ணை மூடியபடி அசை போட்டுக் கொண்டிருந்தது. எத்தனையோ சங்கீதக் கச்சேரிகள் கேட்டிருக்கிறோம். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இவ்வளவு பாடும் படாமல் தப்பியிருக்கலாம் என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது. இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அரசூரில் எடுத்த கிருமியிலிருந்தே நம் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ விஞ்ஞானிகள் ஒரு தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறார்கள். நான்கு மாதமான குட்டிக்கு ஒரு முறை போட்டால் மூன்று வருஷமாவது காவல் நிற்கும். இதற்கு நெருங்கிய இனமான மாட்டு வெக்கை நோய், ஊர் ஊராக மந்தைகளை அழித்தது. தடுப்பூசியின் பலத்தால் 2011-ல் அது உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழித்துவிட வேண்டுமென்பது உலக ஸ்தாபனங்களின் சங்கல்பம். நம் ஊரிலும் தடுப்பூசி முகாம் நடந்தது. அன்று நாம் பரீட்சைத் தாள் திருத்திக் கொண்டிருந்தோம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

ஏழை வீட்டில் ஆடுதான் வங்கி. பெண்ணின் பள்ளிச் செலவும் கிழவியின் மருந்தும் அதன் முதுகில் ஏறியிருக்கின்றன. ஆகவே நோய் கண்டதும் விற்றுவிடத் துடிப்பவரை நாம் குற்றம் சொல்லத் துணியோம். நாமே அந்த எல்லை வரையில் போய் வந்தவர்கள். ஆனால் அப்படி விற்ற ஆடு, வாங்கிய ஏழையின் வங்கியையும் சேர்த்து முறித்துவிடுகிறது. வாங்கும் ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். நோயுற்ற ஆட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

தரகர் சென்ற வாரம் மறுபடியும் வந்தார். கறுப்பியை நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் வீட்டு ஆடுகளுக்கு ஊசி எங்கே போடுகிறார்கள் என்று மெல்ல விசாரித்தார். அடுத்த முகாமுக்கு இருவரும் சேர்ந்தே போவதாகப் பேச்சு. பள்ளிக்கு அரை நாள் விடுப்புக் கேட்டு நாம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம்.