ஐப்பசியில் தஞ்சைக்கு டிக்கெட் போடுகிறீர்களா?

"ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் மழை. அந்த மாதங்களைத் தவிர்த்து அக்டோபரில் போங்கள்!" வெளிநாட்டுக்காரர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் புத்திமதி இது.

டில்லிக்கு இது சரி. மும்பைக்கும் சரி. தஞ்சாவூருக்கு? தலைகீழ்!

இந்தப் புத்திமதியை நம்பி ஐப்பசியில் பெரிய கோயில் வாசலில் வந்து இறங்குகிறார் ஒரு வெள்ளைக்காரர். வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. "மழை சீசன் முடிந்துவிட்டதாமே?" என்று கைடைக் கேட்கிறார். "அது வடக்கே சார். இங்கே இப்பத்தான் ஆரம்பம்" என்கிறார் கைடு, குடையை விரித்தபடி.

வெள்ளைக்காரராவது ஊருக்குப் புதுசு. தீபாவளி லீவில் பிள்ளை குட்டிகளோடு கிளம்பும் உள்ளூர்க்காரர்கள் மட்டும் யோசித்தா கிளம்புகிறார்கள்?

இரண்டு மழை, ஒரே ஆறு

ஜூன் மாதம் கேரளத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை, மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். தஞ்சைத் தரணிக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. ஆனால் குடகு மலையில் பெய்யும் அந்த மழைதான் காவிரியாகி, கர்நாடக அணைகளைத் தாண்டி மேட்டூருக்கு வருகிறது. அங்கே தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பு. மூன்று நான்கு நாளில் கல்லணை. அப்புறம் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து ஊர் ஊராய்ப் பாய்கிறது. தண்ணீர் இல்லாமல் திறப்பு தள்ளிப்போன வருஷங்களும் உண்டு. தண்ணீர் வந்த வருஷத்தில், தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே கரை தொடும் ஆறு! ஆடிப்பெருக்கன்று படித்துறைகளில் நிற்க இடம் இருக்காது. ஊர் பார்க்க அதைவிட நல்ல சமயம் ஏது? அந்தச் சமயத்தில்தான் "போகாதே" என்கிறது புத்திமதி.

அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. தமிழ்நாட்டின் ஒரு வருஷ மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். கூடவே புயலும் வரும். 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட புயலைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது கஜா. லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

60 நாளும் 5 நாளும்

ரயிலில் ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னாலேயே ஆரம்பமாகிவிடும். தீபாவளிக் கூட்டத்தில் அன்றைக்கே டிக்கெட் போடாவிட்டால் உழவன் எக்ஸ்பிரசில் இடம் கிடைக்குமா? ஆனால் எந்த ஊரில் என்றைக்குக் கனமழை என்று வானிலை இலாகா ஓரளவு திடமாகச் சொல்வது நாலைந்து நாளுக்கு முன்னால்தான். காசு கட்டிய பிறகுதான் மழை தெரியும்!

ரயிலையே ரத்து செய்தால் ரயில்வே முழுப் பணத்தைத் தந்துவிடும். லாட்ஜுக்குக் கட்டிய அட்வான்ஸ்? "ரூம் தயாராத்தானே இருக்கு, நீங்கதான் வரல" என்று கையை விரித்தால் கேட்பாரில்லை.

அதற்காக வராமலே இருந்துவிட முடியுமா? ராஜராஜ சோழனுக்குச் சதய விழா ஐப்பசியில்தான். மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் முழுக்கும் ஐப்பசியில்தான். கோடியக்கரைக்குப் பறவைகள் வந்து குவிவதும் இந்த மழையை ஒட்டித்தான். வருகிறவர்கள் விவரத்தோடு வரவேண்டும். இரண்டு நாள் ஊர் சுற்ற வேண்டுமானால் மூன்று நாள் கையில் வையுங்கள். கடலோர ஊர்களை அன்றைய எச்சரிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாராசுரம் கோயில் தெருவைவிடத் தாழ்ந்த இடம். பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்கிவிடும். மழை விட்டு ஒரு நாள் கழித்துப் போவது உத்தமம்.

ரோட்டில் காயும் நெல்

இன்னொன்றும் உண்டு. அதுதான் முக்கியம்.

இதே நாளில் குறுவை அறுவடை முடிந்து நெல் ரோட்டோரத்தில் கிடக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம்வரைதான் எடுப்பார்கள். அரசு சில வருஷம் தளர்த்தும், அதுவும் கேட்டுக் கேட்டு. களம் போதாமல் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, மேகம் கறுத்தால் தார்ப்பாயோடு ஓடுகிறார்கள் குடும்பத்தோடு. அந்த நெல்மேலேயே காரை ஏற்றிவிட்டு, "ரோட்டை அடைச்சு வெச்சிருக்காங்க" என்று சலித்துக்கொள்கிறார்கள் சுற்றுலா வந்தவர்கள். டீக்கடையில் நின்று, "இந்த மழை சனியன் விடவே விடாதா?" என்று சபிப்பவர்களும் உண்டு.

பக்கத்தில் நிற்கும் விவசாயிக்குச் சுருக்கென்கிறது. "மழையைத் திட்டாதீங்க தம்பி. சம்பா நிக்குது, பெய்யணும். ஆனா குறுவை நெல்லு உள்ளே போன பிறகு பெய்யணும். அவ்வளவுதான்" என்கிறார்.

பயணிக்குப் போவது ஒரு டிக்கெட் காசு. அவருக்குப் போவது நாலு மாத உழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

செய்யவேண்டியது என்ன?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை ரயில் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் ஒரு பலகை வைக்கட்டும்: "இங்கே மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆறு பார்க்க ஆடி, ஆவணியில் வாருங்கள். ரோட்டில் நெல் காய்ந்தால் வண்டியை ஒதுக்கி ஓட்டுங்கள்." தமிழோடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதட்டும். சுற்றுலாத் துறை தன் விளம்பரங்களிலும் இதையே சொல்லட்டும். சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளுக்கு லாட்ஜ் அட்வான்சைத் திருப்பித் தரவேண்டும் என்று கலெக்டர்கள் லாட்ஜ்காரர்களைக் கூப்பிட்டுப் பேசட்டும். நெல் காய வைக்கக் களங்களைக் கூட்டட்டும். ரோடு தானாகக் காலியாகும்.

பலகைக்கு ஆகும் செலவு ஒரு டின் பெயிண்ட். அடுத்த ஐப்பசிக்குள்ளாவது வைப்பார்களா?