பதிவேற்றப் போவது யார்?

இணையதளம் தொடங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே 'தளத்தை நிர்வகிக்க எந்த மென்பொருள், வேர்ட்பிரஸ்ஸா, ட்ரூபலா?' என்று கேட்பது கவலை தருகிறது. தினமும் உட்கார்ந்து பதிவேற்றப் போவது யார்? அதுதான் முதல் கேள்வி. வாரம் ஒரு சுற்றறிக்கை போடும் பள்ளிக்கு வேர்ட்பிரஸ் தாராளம். தமிழிலும் ஆங்கிலத்திலும் நூற்றுக்கணக்கான பக்கங்கள், எழுதுபவர் ஒருவர், சரிபார்த்து வெளியிடுபவர் இன்னொருவர் என்றால் கதையே வேறு. ட்ரூபலில் பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் அதற்குத் தனியாக ஒரு பிளகின் போட வேண்டும். பராமரிப்பையும் இப்போதே பேசிவிடுங்கள். உதாரணத்துக்கு, பழைய பதிப்பான ட்ரூபல் 7-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவது சாதாரண அப்டேட் அல்ல. பெரும்பாலும் தளத்தையே புதிதாகக் கட்டும் வேலை. இப்படிப்பட்ட வேலைக்கான ஆளும் பணமும் எங்கிருந்து வரும் என்பதைக் கொட்டேஷன் வாங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.